பேரிடரில் தெரியும் தலைமை நாட்டை நடத்தப் போதுமா?

பேரிடர் நாட்களில் ஒரு நகரத்தைத் தாங்கிப் பிடித்தவர் ஒரு நாட்டை நடத்தவும் தகுதியானவர்தானா என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை. இந்திய அரசியலமைப்பின் 58ஆவது பிரிவு குடியரசுத் தலைவராக விரும்புபவரிடம் கேட்பது மிகக் குறைவு. இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் தகுதி இருக்க வேண்டும், அரசின்கீழ் ஆதாயம் தரும் பதவி வகிக்கக் கூடாது. முன்பு எதை நிர்வகித்தார், எந்த வெள்ளத்தில் யாரைக் காப்பாற்றினார் என்று அது கேட்பதில்லை. அமெரிக்க அரசியலமைப்பும் பிறப்பால் குடியுரிமை, 35 வயது, 14 ஆண்டு வசிப்பு என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. தகுதியை எடைபோடும் வேலை வாக்காளர்களிடமும் அவர்கள் அனுப்பிய பிரதிநிதிகளிடமும் விடப்பட்டிருக்கிறது. அவர்கள் கண்ணுக்கு மிகத் தெளிவாகத் தெரியும் சான்று, நெருக்கடியில் ஒருவர் நடந்துகொண்ட விதம்தான். அந்தச் சான்று எவ்வளவு தூரம் செல்லும் என்பதே இங்கு ஆராய வேண்டியது.

முதலில், நெருக்கடியின்போது உள்ளூர்த் தலைவரின் கையில் உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்தில் பழவேற்காடு ஏரியை ஒட்டி, ஆந்திர எல்லைக்கு அருகே இருக்கும் சுண்ணாம்புக்குளம் போன்ற ஊர்களில் வங்கக் கடல் புயல் என்பது ஆண்டுதோறும் எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒன்று. புயல் எச்சரிக்கை வந்தால் ஊராட்சித் தலைவர் வீடு வீடாகப் போய் மக்களைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வரலாம், சமையலுக்கு அரிசி திரட்டலாம், விழுந்த மரத்தை வெட்ட ஆள் கூட்டலாம். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி அவரே கிராம ஊராட்சியின் செயல் அதிகாரி. துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் காசோலை செல்லும். ஆனால் முகாமைத் திறப்பதும் படகுகளை வரவழைப்பதும் சேதத்தைக் கணக்கெடுப்பதும் நிவாரணத் தொகையை முடிவு செய்வதும் வருவாய்த் துறையின் வேலை. வி.ஏ.ஓ.வில் தொடங்கித் தாசில்தார் வழியாக ஆட்சியர் வரை போகும் சங்கிலி அது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் மாவட்ட ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்குக் கிடைப்பது இணைத் தலைவர் இடம்.

இதே கரையில் இன்னொரு தலைமையும் உண்டு. மீனவக் குப்பங்களில் வழிவழியாக வரும் ஊர்ப் பஞ்சாயத்துக்குச் சட்டத்தில் பெயர் இல்லாவிட்டாலும், ‘இன்று யாரும் கடலுக்கு இறங்கக் கூடாது’ என்று அது சொன்னால் வலைகள் கரையேறிவிடும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரை நெடுகிலும் நிவாரணப் பொருள்களை வாங்கிப் பங்கிட்டதில் பெரும் பங்கு இந்தப் பஞ்சாயத்துகளுடையது. அவற்றின் வலிமையும் குறையும் அப்போது ஒருசேர வெளிப்பட்டன. படகும் வலையும் உள்ள குடும்பங்களின் பெயர்கள் பட்டியலில் விரைவாக ஏறின. கையால் இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர்கள், தலித் கூலித் தொழிலாளர்கள், மீன் விற்கும் தனித்த பெண்கள் பல இடங்களில் விடுபட்டார்கள். தன்னுடையவர்களை விரைந்து காப்பாற்றுவதும் எல்லோரையும் தன்னுடையவர்களாக எண்ணுவதும் ஒரே திறமை அல்ல. பெரிய பதவி கேட்பது இரண்டாவதை.

மாநகரத்துக்கு வந்தால் மேயர் என்ற சொல்லே ஊருக்கு ஊர் வேறு அதிகாரத்தைக் குறிக்கிறது. நியூயார்க் மேயர் காவல்துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் ஆணையர்களை நியமிக்கிறார். நெருக்கடியில் அவர்கள் அவருக்குக் கட்டுப்பட்டவர்கள். சென்னை மேயர் மாமன்றத்துக்குத் தலைமை தாங்குகிறார். நிர்வாகத்தை நடத்துபவர் அரசு அனுப்பும் ஆணையர். காவல்துறையும் தீயணைப்பும் மாநில அரசிடம் இருக்கின்றன. ஆகவே நியூயார்க்கில் மேயரை வைத்துக் கேட்கப்படும் கேள்வியைச் சென்னையில் அப்படியே கேட்க முடியாது. இங்கே மேயர் சாதித்தார் என்றால் பெரும்பாலும் அது உத்தரவு போட்டுச் சாதித்ததாக இருக்காது. அலைந்து, பேசி, வற்புறுத்திச் சாதித்ததாக இருக்கும்.

அப்படிச் சாதித்த ஒரு மேயரின் அடையாளம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே தண்ணீராகத் தேங்கி நிற்கிறது. 1939இல் எஸ். சத்தியமூர்த்தி சென்னை மேயரானபோது நகரம் குடிநீர்த் தட்டுப்பாட்டில் இருந்தது. புழல் ஏரியை நம்பியிருந்த நகரத்துக்கு அது போதவில்லை. கொற்றலையாற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் கட்ட வேண்டும் என்பது தீர்வு. அதே ஆண்டில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியிருந்தது; பிரிட்டிஷ் அரசின் பணமும் கவனமும் போரின் பக்கம் இருந்தன. ஆட்சியை எதிர்க்கும் காங்கிரஸ்காரரான சத்தியமூர்த்தி அதே ஆட்சியிடம் விடாமல் வாதாடி ஒப்புதல் பெற்றார். 1940இல் அடிக்கல் நாட்டப்பட்டது, 1944இல் வேலை முடிந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சிறைப்பட்டு உடல் நலிந்து 1943 மார்ச் 28இல் காலமானார். நீர்த்தேக்கத்துக்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர்.

சத்தியமூர்த்தி எதிர்கொண்டது ஓசையில்லாத நெருக்கடி. குழாயில் தண்ணீர் குறைவதை எந்தப் புகைப்படமும் பெரிதாகக் காட்டாது. வெள்ளத்தில் இடுப்பளவு நீரில் நிற்கும் தலைவரை நாடு முழுக்கப் பார்க்கும். அடுத்த தலைமுறையின் குடிநீருக்காக ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குக் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைபவரை யாரும் பார்ப்பதில்லை. நாட்டின் தலைமைப் பதவியில் அன்றாடம் செய்ய வேண்டியிருப்பது இந்த இரண்டாவது வகை வேலைதான். அந்தக் கணக்கில் பார்த்தால் சென்னை மேயர்களில் பெரிய பதவிக்கான தகுதியை மிக உறுதியாகக் காட்டியவர் அவர் என்று சொல்லலாம். காலம்தான் அவருக்கு இடம் தரவில்லை.

பேரிடருக்கும் நகராட்சிப் பதவிக்கும் நாட்டுத் தலைமைக்கும் இடையே நேரான கோடு போட்டுக் காட்ட இந்தியாவில் இரண்டு வாழ்க்கைகள் இருக்கின்றன. முதலாவது வல்லபபாய் படேலுடையது. 1917இல் அகமதாபாத் நகராட்சி உறுப்பினரான அவர் 1924இலிருந்து 1928 வரை அதன் தலைவர். அந்தக் காலத்தில், 1927 ஜூலையில், குஜராத்தில் நாள்கணக்கில் பெய்த மழை ஊர்களைக் கரைத்தது. நள்ளிரவில் மழையிலேயே நகரைச் சுற்றிப் பார்த்து, நகராட்சிப் பொறியாளரை எழுப்பி வடிகால்களைத் திறக்க வைத்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அந்த இரவை விட அதற்குப் பின் வந்த மாதங்கள் முக்கியமானவை. கிராமங்களுக்குத் தொண்டர்களை அனுப்பினார், விதையும் வீடு கட்டும் பொருளும் போய்ச் சேர்வதைக் கவனித்தார், நிவாரணத்துக்கு அரசின் பணத்தையும் வாதாடி வாங்கினார். மறு ஆண்டு பர்தோலியில் வரிகொடா இயக்கம் நடந்தபோது ஊர் ஊராகச் செய்தி போகவும் ஒரே குரலில் நிற்கவும் தேவையான பழக்கம் இந்த நிவாரண வேலையில் கிடைத்தது. இருபது ஆண்டுகள் கழித்து 560க்கும் மேற்பட்ட சமஸ்தானங்களை இந்தியாவோடு இணைத்தபோது அவரிடம் தெரிந்ததும் அதே பண்புதான்: விவரத்தைத் துல்லியமாகத் தெரிந்துவைத்திருப்பது, காலம் கடத்தாதது, எதிரே இருப்பவருக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்று அறிந்திருப்பது.

இரண்டாவது வாழ்க்கை ராஜேந்திர பிரசாதுடையது. குடியரசுத் தலைவர் பதவியைப் பற்றிய கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. 1924இல் பாட்னா நகராட்சியின் தலைவராக இருந்தார். பத்தாண்டு கழித்து, 1934 ஜனவரி 15 பிற்பகலில் பீகாரும் நேபாளமும் குலுங்கின. ஏறக்குறைய 8 ரிக்டர் அளவுள்ள அந்த நிலநடுக்கத்தில் முங்கேர், முசாபர்பூர் போன்ற நகரங்கள் மண்மேடாயின. வயல்களில் நிலம் பிளந்து மணல் கொப்பளித்து விளைநிலத்தை மூடியது. அப்போது கைதியாக இருந்த பிரசாத், உடல்நலமும் கெட்டிருந்த நிலையில், இரண்டு நாளில் விடுவிக்கப்பட்டு நிவாரண வேலையில் இறங்கினார். பீகார் மத்திய நிவாரணக் குழு பிறந்தது. நாடெங்கிலுமிருந்து பணம் குவிந்தது. காந்தி நேரில் வந்து பாதிக்கப்பட்ட பகுதிகளில் சுற்றினார்.

இந்தக் கதையில் தமிழர் ஒருவருக்குப் பெரிய இடம் உண்டு. குவிந்த பணத்துக்குக் கணக்கு வைக்க அழைக்கப்பட்டவர் தஞ்சாவூரில் பிறந்த பட்டயக் கணக்கர் ஜே.சி. குமரப்பா. தொண்டர் ஒருவரின் உணவுச் செலவுக்கு நாளொன்றுக்கு மூன்று அணா என்று அவர் வரையறுத்தார். காந்தியும் அவருடைய குழுவினரும் வந்தபோது, அவர்களுடைய செலவுக்கும் நிவாரண நிதியிலிருந்து அந்த வரம்பைத் தாண்டிக் கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டார். காந்தி அதை ஏற்றுக்கொண்டார். இப்படிப்பட்ட ஒருவரைக் கணக்குப் பிள்ளையாக வைத்துக்கொண்டு அவருடைய கண்டிப்புக்குத் தானும் கட்டுப்படுவதுதான் பிரசாத் காட்டிய தலைமை. இடிபாடுகளுக்கு நடுவே நின்று பேசுவதைவிட இது கடினம். நெருக்கடியில் பணம் வெள்ளமாக வரும், கேள்வி கேட்பவர்கள் குறைவாக இருப்பார்கள். அப்போது ஒவ்வொரு அணாவுக்கும் ரசீது கேட்கும் ஆளைத் தன் பக்கத்தில் அமர்த்திக்கொள்பவரை நம்பி மேலும் பெரிய பெட்டகத்தின் சாவியைக் கொடுக்கலாம். நாடு அப்படித்தான் கொடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் பம்பாய்க் காங்கிரஸுக்குப் பிரசாத் தலைவரானார். 1935இல் குவெட்டாவை நிலநடுக்கம் தாக்கியபோதும் நிவாரணப் பொறுப்பு அவரிடமே வந்தது. 1946இல் அரசியல் நிர்ணய சபையின் தலைவர். 1950 ஜனவரி 26 முதல் 1962 மே வரை குடியரசுத் தலைவர்.

ஆனால் குடியரசுத் தலைவர் மாளிகையில் அவருக்குக் காத்திருந்த வேலை பீகாரில் செய்ததற்கு நேர்மாறானது. நிலநடுக்கத்தின்போது தானே முடிவெடுக்க வேண்டும், அதுவும் உடனே. இந்தியக் குடியரசுத் தலைவரோ அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியவர். 1951இல் இந்து சட்டத் தொகுப்பு மசோதா வந்தபோது, தம் சொந்த மதிப்பீட்டின்படி நடக்கும் உரிமை தமக்கு உண்டு என்று பிரசாத் கருதினார். நேரு சட்ட வல்லுநர்களைக் கேட்டார். அட்டர்னி ஜெனரல் எம்.சி. செதல்வாடும் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும், குடியரசுத் தலைவர் அமைச்சரவைக்குக் கட்டுப்பட்டவர் என்று கருத்துச் சொன்னார்கள். 1960இல் ஒரு பொது உரையில் பிரசாத் அந்தக் கேள்வியை மறுபடியும் எழுப்பினார். 1976இல் 42ஆவது திருத்தம் அதற்கு எழுத்திலேயே முடிவு கட்டியது. பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் தம் மனக்குறையை எழுதினார், பேசினார், ஆனால் வரம்பைத் தாண்டவில்லை. செயல்வீரராகப் பெயரெடுத்த ஒருவர் செயலைக் கட்டிப்போட்டுக்கொண்டு இருந்ததே அந்தப் பதவிக்கு அவர் செய்த மிகப் பெரிய தொண்டு. நெருக்கடியில் சிறந்து விளங்கியது அவரை அந்த நாற்காலிக்குக் கொண்டுவந்தது. அங்கே அவருக்குத் தேவைப்பட்டது வேறு குணம்.

உள்ளாட்சியில் தொடங்கி உயர்ந்த இடத்துக்குப் போனவர்கள் வேறு சிலரும் உண்டு. ராஜாஜி 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர். 1948இல் கவர்னர் ஜெனரலானார். திரௌபதி முர்மு 1997இல் ஒடிசாவின் ராய்ரங்பூர் நகரப் பஞ்சாயத்தில் உறுப்பினராகப் பொதுவாழ்வைத் தொடங்கி 2022இல் குடியரசுத் தலைவரானார். இலங்கையில் ரணசிங்க பிரேமதாச 1950இல் கொழும்பு மாநகர சபைக்கு வந்து, 1955இல் துணை மேயராகி, 1989இல் ஜனாதிபதியானார். மு.க. ஸ்டாலின் 1996இல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் சென்னை மேயர். முதலமைச்சரானது 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின் உச்சத்தில். இவர்களில் யாரும் ஒரே ஒரு பேரிடரின் புகழால் மேலே போனவர்கள் அல்ல. நகர மன்றத்துக்கும் நாட்டுத் தலைமைக்கும் இடையே பல படிகளில் நின்று வந்தவர்கள்.

காமராஜரின் கதை இதில் தனி. 1941இல் அவர் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்ததும் மன்றக் கூட்டத்தில் கலந்துகொண்டு உடனே விலகிவிட்டார். முழு நேரமும் உழைத்து நியாயம் செய்ய முடியாத பதவியில் உட்காரக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். சிறிய பதவியை இவ்வளவு பெரிதாக மதித்தவரிடம்தான் 1954இல் மாநிலம் ஒப்படைக்கப்பட்டது.

இந்தக் கேள்வி உலக அளவில் மிகக் கூர்மையாக எழுந்தது நியூயார்க்கில். 1994 முதல் மேயராக இருந்த ரூடி ஜூலியானியின் பதவிக்காலம் 2001 டிசம்பரில் முடிய இருந்தது. மக்கள் ஆதரவும் முன்பிருந்ததைவிடச் சரிந்திருந்தது. செப்டம்பர் 11 தாக்குதல் எல்லாவற்றையும் மாற்றியது. தூசி மூடிய தெருவில் நடந்துகொண்டே நகரத்துக்குச் செய்தி சொன்னார், இறந்தவர்களின் இறுதிச் சடங்குகளுக்கு ஓயாமல் போனார், தெரியாததைத் தெரியாது என்றும் தெரிந்ததை நிதானமாகவும் சொன்னார். அச்சத்தில் உறைந்த ஒரு நகரத்துக்கு அந்தக் குரல் தேவைப்பட்டது, அதை மறுக்க முடியாது. டைம் இதழ் அவரை அந்த ஆண்டின் மனிதராகத் தேர்ந்தெடுத்தது.

அதே நாளைப் பற்றி வேறு கேள்விகளும் எழுந்தன. உலக வர்த்தக மையத்தின்மீது 1993இலேயே ஒரு குண்டுவெடிப்பு நடந்திருந்தது. அப்படியிருந்தும் நகரத்தின் அவசரகாலக் கட்டுப்பாட்டு மையம் அதே வளாகத்தின் ஏழாம் எண் கட்டடத்தில் அமைக்கப்பட்டிருந்தது. தாக்குதல் அன்று அதைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. தீயணைப்பு வீரர்களின் வானொலிக் கருவிகள் உயர்ந்த கோபுரங்களுக்குள் சரிவர வேலை செய்யவில்லை. அன்று 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அவர்கள் குடும்பங்கள் சில ஜூலியானியின் புகழைக் கடுமையாக எதிர்த்தன. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நெருக்கடியைக் காரணம் காட்டித் தம் பதவிக்காலத்தை மூன்று மாதம் நீட்டிக்க அவர் முயன்றார், அது நடக்கவில்லை. நெருக்கடியில் சிறந்தவர் ‘நான் இல்லாமல் முடியாது’ என்று எண்ணத் தொடங்கும் ஆபத்து எப்போதும் உண்டு. நாட்டின் தலைமைப் பதவியில் அந்த எண்ணம் ஒரு நகரத்தோடு நின்றுவிடாது.

2007இல் குடியரசுக் கட்சியின் வேட்பாளர் போட்டியில் கருத்துக் கணிப்புகள் அவரை முன்னணியில் காட்டின. 2008 ஜனவரி இறுதியில் எல்லாவற்றையும் பணயம் வைத்த புளோரிடாவில் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டு, மறுநாளே விலகினார். வாக்காளர்கள் அந்த நாளை மறந்துவிடவில்லை. போர், மருத்துவக் காப்பீடு, குடியேற்றம் என்று அவர்கள் கேட்டவற்றுக்கு அந்த ஒரு நாள் பதிலாக இல்லை, அவ்வளவுதான். அமெரிக்க வரலாற்றில் மேயராக இருந்து ஜனாதிபதியானவர்கள் ஆண்ட்ரூ ஜான்சன், குரோவர் கிளீவ்லாந்து, கால்வின் கூலிட்ஜ் என்ற மூவர் மட்டுமே. மூவரும் இடையில் ஆளுநராக இருந்தவர்கள்.

பேரிடர் தந்த புகழ் பெரிய பதவியிலும் கைகொடுத்ததற்கு ஜெர்மனியின் ஹெல்முட் ஷ்மிட் எடுத்துக்காட்டு. 1962 பிப்ரவரியில் வட கடல் புயலால் ஹாம்பர்க் நகரத்தின் கரைகள் உடைந்து 315 பேர் இறந்தார்கள். மேயர் ஊரில் இல்லை. நகர அரசின் காவல்துறைப் பொறுப்பாளராக இருந்த ஷ்மிட், உள்நாட்டில் ராணுவத்தைப் பயன்படுத்தத் தெளிவான சட்ட அனுமதி இல்லாதபோதே படைகளையும் ஹெலிகாப்டர்களையும் அழைத்து ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். 1974இல் அவர் நாட்டின் சான்சலரானார். ஆனால் இந்த இரண்டுக்கும் இடையே அவர் நாடாளுமன்றக் கட்சித் தலைவராகவும் பாதுகாப்பு அமைச்சராகவும் நிதி அமைச்சராகவும் இருந்தார். சட்டத்தை மீறத் துணிந்தவர், அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் சட்டத்துக்குள் நின்று வேலை செய்யத் தெரிந்தவர் என்றும் காட்டினார்.

எதிர்ப்பக்க எடுத்துக்காட்டு ஹெர்பர்ட் ஹூவர். அவர் மேயர் அல்ல, ஆனால் நிவாரணப் பணியில் அவரைப்போல் புகழ்பெற்றவர் குறைவு. முதல் உலகப் போரில் பெல்ஜிய மக்களுக்கு உணவு அனுப்பியவர். 1927இல் மிசிசிப்பி ஆறு கரைபுரண்டபோது வர்த்தக அமைச்சராக இருந்து நிவாரணத்தை நடத்தினார். அந்தப் புகழோடு 1928 தேர்தலில் பெருவெற்றி பெற்றார். 1929இல் பங்குச் சந்தை சரிந்து பெருமந்தம் தொடங்கியபோது அவருடைய பழைய வழிகள் எதுவும் எடுபடவில்லை. வெள்ளத்துக்கு எல்லை உண்டு. தொண்டு நிறுவனங்களையும் செல்வந்தர்களையும் தூண்டிவிட்டால் சமாளிக்கலாம். நாடு முழுவதும் வேலை இழந்து நிற்கும்போது அரசின் பணத்தையும் கொள்கையையும் திருப்பிப் போட வேண்டியிருந்தது, அதற்கு அவர் தயங்கினார். 1932இல் படுதோல்வி அடைந்தார். முன்பு ஒரு நெருக்கடியில் வென்ற வழியே அடுத்ததில் தடையாகும் என்பதற்கு இவரைவிடச் சான்று வேண்டாம்.

இந்தோனேசியாவின் ஜோகோ விடோடோ இவர்கள் யாரிடமிருந்தும் வேறுபட்டவர். 2005இல் சோலோ நகர மேயரான அவர் பெயரெடுத்தது நடைபாதை வியாபாரிகளை இடம் மாற்றியதில். காவல்துறையை அனுப்பாமல், ஐம்பதுக்கும் மேற்பட்ட முறை அவர்களை உணவுக்கு அழைத்துப் பேசி, அவர்களே சம்மதித்துப் புதிய சந்தைக்கு ஊர்வலமாகப் போகும்படி செய்தார். 2012இல் ஜகார்த்தா ஆளுநர், 2014இல் ஜனாதிபதி. பேரிடர் எதுவுமில்லாத ஒரு சச்சரவைப் பொறுமையாகத் தீர்த்தது அவருடைய முதல் தகுதிச் சான்றாக இருந்தது.

பழவேற்காட்டுக் கரையில் இந்த வகைத் தலைமைக்கு நீண்ட பழக்கம் இருக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டிய குப்பங்கள் சிலவற்றில் பாடு முறை இன்றும் பேசப்படுகிறது. இறால் அதிகம் விழும் இடங்கள் எவை என்பது எல்லோருக்கும் தெரியும், இடமோ குறைவு, வலையோ அதிகம். ஆகவே எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று ஊர் கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறது. உரிமை உள்ள ஒவ்வொருவருக்கும் நல்ல இடமும் சுமாரான இடமும் மாறி மாறி வரும். இதை ஆண்டுக்கணக்கில் சண்டையில்லாமல் நடத்துவதற்கு வேண்டிய திறமை, புயலில் ஒருவரை இழுத்துக் கரை சேர்க்கும் துணிச்சலைவிடக் குறைந்ததல்ல. அந்த முறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உள்ளே வரக் கேட்கும்போதுதான் தலைமைக்கு உண்மையான சோதனை வருகிறது. ஏற்கெனவே பங்கு உள்ளவர்களின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு புதிய பங்காளிக்கு இடம் ஒதுக்க முடிகிறவர், நாட்டின் வரவுசெலவுத் திட்டத்தையும் நதிநீரையும் பங்கிடும் வேலையின் முதல் பாடத்தைக் கற்றவர்.

இந்தக் கரையின் இன்னல்கள் எதுவும் இந்தக் கரையில் மட்டும் தொடங்குவதில்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. எல்லை நீரில் யார் எங்கே வலை போடலாம் என்ற தகராறு இரு மாநில மீனவர்களுக்கும் இடையே அடிக்கடி மூளுகிறது. ஆந்திரத்தில் பிச்சாட்டூர் அணை திறந்தால் ஆரணியாற்றில் வரும் வெள்ளம் பொன்னேரிப் பக்கத்து ஊர்களைச் சூழ்ந்து ஏரிக்கு வருகிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவும் நாளில் கடலில் இறங்கத் தடை வருகிறது. அது மத்திய அரசின் நிறுவனம். முகத்துவாரம் மணலால் அடைபட்டால் தூர்வார மாநில அரசின் நிதியும் சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும். வெள்ளத்தன்று முட்டளவு நீரில் நிற்கும் ஊராட்சித் தலைவரால் இவற்றில் ஒன்றையும் உத்தரவிட முடியாது. அவர் அடுத்த ஆறு மாதத்தில் எத்தனை அலுவலகப் படி ஏறினார், அண்டை ஊரையும் அண்டை மாநில மீனவர்களையும் பகைக்காமல் என்ன பெற்றுவந்தார் என்று பார்த்தால், இன்னும் பெரிய பதவியில் அவர் எப்படி இருப்பார் என்பது ஓரளவு தெரியும். புயல் நாளை மட்டும் பார்த்தால் அது தெரியாது.

ஆகவே பேரிடர் தலைமையைத் தள்ளிவிட வேண்டியதில்லை. பதற்றத்தில் தெளிவு, கெட்ட செய்தியை மறைக்காமல் சொல்லும் நேர்மை, பிறரை வேலை செய்ய விடும் பரந்த மனம் ஆகியவை அங்கே பொய்யாகக் காட்ட முடியாத அளவுக்கு வெளிப்படுகின்றன. ஆனால் அது ஒருவரின் தகுதியில் ஒரு பகுதியை மட்டும், அதுவும் எல்லோரும் ஒரே பக்கம் நிற்கும் சில வாரங்களுக்கு மட்டும் காட்டுகிறது. வெள்ளத்தை விரும்பும் கட்சி கிடையாது. வெள்ளம் வடிந்ததும் யாருக்கு முதலில் வீடு, எந்த ஆக்கிரமிப்பை அகற்றுவது, யார் நிலத்தில் வடிகால் வெட்டுவது என்று கேள்விகள் வரும்போது ஊர் இரண்டாகும். அங்கிருந்துதான் அரசியல் தொடங்குகிறது. நாட்டின் தலைமைப் பதவி முழுக்க அந்த இடத்தில்தான் இருக்கிறது.

இப்படி ஒருவரை எடைபோட வேண்டுமென்றால், பேரிடர் வரும்போது தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் பொறுப்பில் இருந்தாக வேண்டும். தமிழ்நாட்டில் அது பல முறை நடக்கவில்லை. உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்து தேர்தல் தள்ளிப்போன நிலையில், டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையையும் திருவள்ளூர்க் கடற்கரையையும் தாக்கியது. அன்று ஏரிக்கரை ஊர்களில் ஊராட்சித் தலைவர்களும் இல்லை, சென்னையில் மேயரும் இல்லை. திருவள்ளூரில் ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. சென்னை மாநகராட்சிக்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொரோனாவின் இரண்டு பெரிய அலைகளையும் நகரம் அதிகாரிகளின் கையில் கடந்தது. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலமும் 2025 ஜனவரி 5இல் முடிந்து, திருவள்ளூர் உள்பட 28 மாவட்டங்களில் அவற்றின் பொறுப்பு தனி அலுவலர்களிடம் ஒப்படைக்கப்பட்டது.